இசக்கிதுரையும் ரெண்டாம் நம்பர் வாட்டர் ஸ்கூட்டரும்

இசக்கிதுரைக்கு ஃபேக்டரியில் டாக்டர் என்று பேர். ஒரகடத்தில் டீசல் இன்ஜின்களைச் சோதிக்கிற ஷெட்டில் அவன் கான்ட்ராக்ட் ஆள். சட்டையில் கம்பெனிப் பேர்கூடக் கிடையாது. ஆனாலும் கம்ப்யூட்டர் திரை பச்சை காட்டிய பிறகும் ஏதாவது ஒரு இன்ஜின் மனசுக்குச் சரிப்படவில்லை என்றால், சூப்பர்வைசர் அவனைத்தான் கூப்பிடுவார். இவன் ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து, நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். "மூணாவது சிலிண்டர் சார், இன்ஜெக்டர்" என்பான். பிரித்துப் பார்த்தால் அதுதான் இருக்கும். அதற்காக யாரும் அவனை பர்மனென்ட் ஆக்கிவிடவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவனுக்கு அதிலேயே வயிறு நிறைந்துபோகும். புகழ்ச்சி என்றால் அப்படி ஒரு பலவீனம், வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

வள்ளியூர் பக்கத்துக்காரன். 2006-ல் ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டோடு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு ஒரகடம் வந்து சேர்ந்தான். ஆறு பேர் படுக்கிற ரூமில் ஏழாவது ஆளாக இரண்டு வருஷம் ஓட்டினான். 2008-ல் முப்பிடாதியைக் கட்டிக் கூட்டிவந்து தனி வீடு பார்த்தான். வீடு என்றால் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். மறு வருஷமே அவள் தம்பி மகாராஜாவும் வேலை தேடி வந்து அதே அறையில் கால் நீட்டிப் படுத்தான்.

மகாராஜாவுக்கு இருபத்தொரு வயசு. உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டான், வாய் ஓயாது. லைனில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்குகிற வேலைக்கு அவனைப் போட்டார்கள். நாலு மாசத்தில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது, அவனுக்கும் அலுத்துவிட்டது. ஊரில் அவனை வாலு என்பார்கள், யார் பேச்சையும் கேட்கமாட்டான் என்பார்கள். வீட்டுக்குள் அப்படி இல்லை. அத்தான் ஒன்று சொன்னால் பத்து கேள்வி கேட்பான், கேட்டுவிட்டு அத்தான் சொன்னதையே செய்வான். இந்த இரண்டாவது பாதி ஊருக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் தசரதன் வந்து சேர்ந்தார். மண்ணூர்க்காரர். பரம்பரை நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போனபிறகு, ஒரகடம் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றை வாங்கியிருந்தார். மழைத் தண்ணீர் தேங்கி ஆழமான குளமாகிக் கிடந்த பள்ளம் அது. மூன்று பக்கம் செங்குத்தான பாறை, ஒரு பக்கம் சரிவு. சரிவில் புல் வைத்து, குடில் போட்டு, ரிசார்ட் என்று போர்டு மாட்டிவிட்டார். கடற்கரையில் தொழிலை இழுத்து மூடிய ஒரு பார்ட்டியிடமிருந்து மூன்று வாட்டர் ஸ்கூட்டர்களையும் வாங்கிப் போட்டார். தண்ணீரில் ஓடுகிற பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் பதிமூன்று வயசு. நாயாக இருந்தால் செத்துப்போயிருக்கும், மெஷின் என்பதால் விற்றுவிட்டார்கள்.

"இன்னா தொர, மூணும் எருமமாடு கணக்கா நிக்குது" என்றார் தசரதன். "உனுக்கு டூ ஸ்ட்ரோக்கு நல்லா தெரியுமாமே. பாத்துக் குடுபா, உனுக்குப் புண்ணியமா போவும்."

இசக்கிதுரை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றையும் எழுப்பி ஓடவிட்டான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய் தேங்கி நிற்கிற இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகிற எண்ணெய்தான் அதற்கு உயிர். இந்த வண்டிகளில் அதைக் கலப்பதற்கென்று ஒரு சின்ன பம்ப் உண்டு. முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்தான். "இது வயசான பம்பு, ஒருநா சொல்லாமக் கொள்ளாம நின்னுரும். லிட்டருக்கு இருபத்தஞ்சு மில்லி கையால கலந்து ஊத்துனா நம்ம கணக்கு நமக்குத் தெரியும்" என்றான். வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று தசரதன் கேட்டபோது, மகாராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தினான். தண்ணீரைப் பார்த்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சந்தோஷம்.

இசக்கிதுரை அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். இந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. பின்னால் தண்ணீரைப் பீய்ச்சித்தான் ஓடும், அந்தப் பீய்ச்சலை வைத்துத்தான் திரும்பும். ஓட்டத்தில் இன்ஜின் நின்றுபோனால், ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும் போன திசையிலேயே போகும். கரையை நெருங்குவதற்கு வெகு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும்.

"எத்தினி நாளு ஓடும் தொர?" என்று தசரதன் வாராவாரம் கேட்பார்.

"நாள்ல கேக்காதியண்ணே, மணிக்கணக்குல கேளுங்க. முந்நூறு மணி நேரத்துக்கு ஒருக்க பிஸ்டனும் ரிங்கும் மாத்தணும். நல்லாப் பாத்துக்கிட்டா இன்னொரு முந்நூறு ஓடும். பாக்காட்டி முப்பதே சாஸ்தி."

அவன் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். ஞாயிறுதோறும் கேஜ் மாட்டி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள் அழுத்தம், எவ்வளவு என்று பார்ப்பான். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பான். டேங்கிலிருந்து வருகிற பழைய பெட்ரோல் டியூப்கள் உள்ளுக்குள் கரைந்து, பச்சைப் பசையாகி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தான். ஒன்றாம் நம்பருக்கும் மூன்றாம் நம்பருக்கும் டியூப் மாற்றிவிட்டான். ரெண்டாம் நம்பர் பாக்கி. அதை ஆயுதபூஜை கூட்டம் முடிந்ததும் மாற்றலாம் என்று வைத்திருந்தான்.

2011 ஆயுதபூஜை. ஒரகடம் முழுக்க லீவு. ரூம்களில் அடைந்து கிடக்கிற பையன்களெல்லாம் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரிசார்ட்டுக்குத் திரண்டு வந்துவிட்டார்கள். மூன்று வண்டிகளுக்கும் சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் மாவிலையும் சாமந்தியும். தசரதனின் மனைவி பாஞ்சாலி ஷெட்டில் சரஸ்வதி படம் வைத்து, அதன் முன்னால் வாழையிலையில் இசக்கிதுரையின் சாமான்களை வரிசையாக அடுக்கினாள். ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், கேஜ், அந்த நீள ஸ்குரூ டிரைவர். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூ.

"நாளிக்கு மறுபூஜை போட்டப்பறந்தான் இதுங்கமேல கை வெக்கணும்" என்றாள். "அவசரம்னு எதுனா எடுத்துறாதீங்க தம்பி."

இது எங்கும் உள்ள வழக்கம்தான். சாமானுக்கு அன்று ஓய்வு. வண்டிக்கு மட்டும் ஓய்வு கிடையாது, பொட்டு வைத்த கையோடு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஓடியாக வேண்டும். ஓடுகிறது ஓடட்டும், அதைப் பார்க்கிற கருவி மட்டும் சும்மா கிடக்கட்டும் என்று யார் பிரித்து வைத்தார்களோ, அவர்களை இன்றைக்கு நிறுத்திக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு மகாராஜா ஈரத்தோடு ஷெட்டுக்குள் வந்தான்.

"அத்தான், ரெண்டாம் நம்பர் இன்னைக்குப் பறக்குது. ரெண்டு வருசத்துல இப்பிடி ஓடுனதே இல்ல. ஆனா உச்சத்துல ஒரு மாதிரி கத்துது."

கிழட்டு டூ ஸ்ட்ரோக் இன்ஜின் திடீரென்று நன்றாக ஓடினால் அது நல்ல சேதி இல்லை. பெட்ரோல் குறைவாகப் போனாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் சீறிக்கொண்டு ஓடும். பெட்ரோல் குறைந்தால் அதோடு வருகிற எண்ணெயும் குறையும். உள்ளே சூடேறி, பிஸ்டன் விரிந்து, சிலிண்டரைக் கவ்விக்கொண்டு ஒரே நொடியில் நிற்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். டீ நிறத்தில் இருந்தால் சௌக்கியம், வெளுத்துப்போயிருந்தால் ஆபத்து. பத்து நிமிஷ வேலை.

இசக்கிதுரையின் கை பிளக் ஸ்பேனர் பக்கம் பாதி தூரம் போனது. அதன்மேல் மஞ்சள் சாமந்தி உட்கார்ந்திருந்தது. பாஞ்சாலி பக்கத்திலேயே நின்று பொரிகடலை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொண்டான்.

வண்டியை நாளை வரைக்கும் ஓரங்கட்டியிருக்கலாம். ஆனால் வெளியே முப்பது பேர் டோக்கனோடு நிற்கிறார்கள். தசரதன் ஏன் என்று கேட்பார். தெரியவில்லை, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் டாக்டர் என்று கூப்பிடுகிற வாயால் தெரியவில்லை என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. வெறுங்காதே போதும் என்று நினைத்துவிட்டான்.

"ஆள் ஏத்தாத. நீ மட்டும் ஒரு ரவுண்டு ஃபுல்லா விட்டு வாலே" என்றான். "நான் அந்தப் பாறைப் பக்கம் போய் நின்னு கேக்குதேன். கை காட்டுனதும் கெளம்பு."

"சரி அத்தான்."

அன்றைக்கு அவன் பத்து கேள்வி கேட்கவில்லை. இசக்கிதுரை குவாரியைச் சுற்றி நடந்து, எதிர்ப்பக்கத்துப் பாறை விளிம்பில் போய் நின்றான். ஐந்து நிமிஷ நடை. அங்கிருந்து கையைத் தூக்கினான்.

வண்டி நேராக அவனை நோக்கி வந்தது. சத்தம் சுத்தமாக, ஒரே சீராக இருந்தது. பரவாயில்லையே என்றுகூட நினைத்தான். பாதி தூரம் தாண்டியதும் அந்தக் கத்தல் மேலே ஏறியது. திரும்பு திரும்பு என்று இரண்டு கையையும் ஆட்டினான். மகாராஜா திரும்ப ஆரம்பித்த நேரத்தில் சத்தம் பட்டென்று நின்றது. அவன் ஹேண்டிலை முழுக்க ஒடிப்பதை இவன் பார்த்தான். வண்டி திரும்பவில்லை. வந்த வேகத்தில் இவன் காலுக்குக் கீழே இருந்த பாறையில் மோதியது. மோதுவதற்கு முன்னால் மகாராஜா தலையைத் தூக்கி இவனைப் பார்த்தான். அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை அது.

தண்டலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வேனுக்குள் அவன் உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் தசரதன் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். "தொர, எவன் கேட்டாலும் அவனே எடுத்துக்கினு போய்ட்டான்னு சொல்லு. நீ அனுப்புனேன்னு சொன்னா உன்னியும் புடிப்பாங்கோ, என்னியும் புடிப்பாங்கோ. கைக்கொயந்த கீது உனுக்கு, யோசிச்சுக்கோ" என்றார். மகள் கவியாவுக்கு அப்போது ஒன்றரை வயசு. இசக்கிதுரை யோசிக்கவில்லை. கேட்டவர்களிடம் தலையை ஆட்டினான். சாப்பாட்டு நேரத்தில் யாரையும் கேட்காமல் எடுத்து ஓட்டினான் என்று எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் முப்பிடாதி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"அவனாவா எடுத்துட்டுப் போனான்?"

"ஆமா."

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தம்பியின் உடலோடு ஊருக்குப் போக வேனில் ஏறினாள்.

ஊரில் எல்லாரும் சொன்னதையே சொன்னார்கள். வாலுப் பய, சொன்ன பேச்சு கேட்கமாட்டான், துடுக்குத்தனமாக ஓட்டியிருப்பான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, மாமியார் காந்திமதி இசக்கிதுரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க வாங்கிக்குடுத்த வேல மாப்ளை. ஒங்க பேரக் கெடுத்துட்டுப் போயிட்டானே. மனசுல வச்சுக்கிடாதிய" என்றாள். பெற்ற மகனைப் பறிகொடுத்தவள் இவனிடம் மன்னிப்புக் கேட்டாள், இவன் நின்று வாங்கிக்கொண்டான். இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு வேண்டுமா? அவனே தன்னைப் பார்த்து அப்படித்தான் கேட்டுக்கொண்டான், பஸ்ஸில் அறுநூறு கிலோமீட்டரும்.

நாலு வருஷம் போனது. ரிசார்ட் பக்கம் போவதை விட்டுவிட்டான். ஃபேக்டரியில் டாக்டர் என்று யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஸ்குரூ டிரைவரைக் காதில் வைப்பதையும் விட்டாயிற்று. கம்ப்யூட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் என்பான். முப்பிடாதியிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுப்பான். அவள் சோறு போடுவாள், துணி மடிப்பாள், ஊரிலிருந்து போன் வந்தால் அழாமல் பேசுவாள். யாராவது பேச்சுவாக்கில் அந்த அடங்காத பய என்று தம்பியைச் சொன்னால், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சொன்னால் அவள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் செத்தவன் தலையில் பழி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் தினமும் ஷிப்டுக்குப் போய்வந்தான்.

2015-ல் தசரதன் குவாரியை விற்கிறார் என்று போன் வந்தது. வாங்குகிற ஆள் ஷெட்டில் கிடந்த ரெண்டாம் நம்பரைப் பார்த்துவிட்டு இன்ஜின் தேறுமா என்று கேட்டானாம். "உன்னிய வுட்டா வேற யாரையும் தொட வுட மனசு வரல தொர" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனான்.

நாலு வருஷம் தாமதமாக அந்த பிளக்கைக் கழற்றினான். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சிலிண்டர்களை மூடியிருக்கிற ஹெட்டைத் தூக்கினான். பின் சிலிண்டரில் பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி, அலுமினியம் சிலிண்டர் சுவரில் தீற்றிக்கொண்டு கிடந்தது. கார்புரேட்டரைப் பிரித்தான். நகத்தளவு சல்லடை முழுக்கப் பச்சைப் பசை. விரலால் வழித்தால் வந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

"தேறுமா?" என்றார் தசரதன்.

"தேறாதுண்ணே."

பிஸ்டனை ஒரு வேஸ்ட் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முப்பிடாதி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கவியா பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தாள். அவன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து வைத்தான்.

"மகாராஜா தானா எடுத்துட்டுப் போவல. நான்தான் அனுப்புனேன். வண்டி சரியில்லன்னு தெரியும். ஸ்பேனரு பூஜையில கெடந்துச்சு. எடுத்துப் பாக்காம அவன வெரட்டிவிட்டுட்டு காத வச்சுக் கேட்டுக்கிட்டு நின்னேன். பொறவு பொய் சொன்னேன்."

அவள் பிஸ்டனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மீனைக் கழுவி முடித்துச் சட்டியில் போட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"நீங்க பாறைக்கு நடந்து போன நேரத்துல அவன் எனக்குப் போன் பண்ணுனான். அக்கா, அத்தான் ஃபுல்லா விட்டுப் பாக்கச் சொல்லுதாவ, அது கத்துததக் கேட்டா பயமா இருக்கு, மாட்டேன்னு சொல்லட்டான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அத்தானுக்குத் தெரியாததா, ஒழுங்கா சொன்னதச் செய்யின்னு ஏசிட்டு போனை வச்சிட்டேன்."

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள் அதை மூடினாள். "நீங்க என்னைக்காவது சொல்லுவியன்னு நாலு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லிறக்கூடாதேன்னும் இருந்துச்சு. நீங்க சொல்லிட்டா நானும்லா சொல்லணும்" என்றாள். அதுவரைக்கும் அழாமல் பேசியவள், மீன் நாற்றமடிக்கிற கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இசக்கிதுரை கிட்டே போனான். என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவளிடம் சொன்னான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள்தான் கேட்டாள். "அம்மாகிட்ட யாரு சொல்லுதது?"

அவன் போனை எடுத்தான். இரண்டாவது மணியிலேயே காந்திமதி எடுத்துவிட்டாள். "மாப்ளை, சொகமா இருக்கியளா? கவியா சாப்ட்டாளா?" என்றாள். அவன் சொன்னான். மூச்சு விடாமல், ஒன்றையும் மறைக்காமல், ஸ்பேனர், பூ, பாறை, பொய் எல்லாவற்றையும் சொன்னான். அவன் நிறுத்தியதும் முப்பிடாதி போனை வாங்கித் தன் பங்கைச் சொன்னாள். பிறகு இருவருமாக, ஏசப்போகிறாள் என்று காத்துக்கொண்டு, போனை நடுவில் பிடித்திருந்தார்கள்.

காந்திமதி ஏசவில்லை. சின்னக் குரலில், ஏதோ சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்கிறவள்மாதிரி கேட்டாள்.

"அப்ப எம்புள்ள சொன்ன பேச்சக் கேட்டுத்தான் போனானா?"

"ஆமா அத்தை" என்றான் இசக்கிதுரை.